மதிய சாண்ட்விச் பில்லைக் குறைத்த கதை

லண்டனில் என் அலுவலகத்துக்குக் கீழேயே ஒரு காபி, சாண்ட்விச் கடை. ஒரே சாண்ட்விச்சுக்கு இரண்டு விலை: உட்கார்ந்து சாப்பிட்டால் ஒன்று, எடுத்துப்போனால் ஒன்று. காரணம் வாட் வரி. பிரிட்டனில் கடைக்குள் சாப்பிட்டால் 20 சதவீதம். எடுத்துப்போகும் ஆறின சாண்ட்விச்சுக்கு வரியே இல்லை; அதையே சூடாக்கித் தந்தால் மறுபடி 20.

அப்புறம் என்ன, சூடாக்காமலே வாங்கிவந்து அலுவலக கிச்சனில் இருக்கும் சாண்ட்விச் மேக்கரில் வைத்துவிடுகிறேன். மைக்ரோவேவ் வேண்டாம், ரொட்டி சவசவவென்று ஆகிவிடும். சூடான காபிக்கு எப்படி வாங்கினாலும் வரி உண்டு, அதனால் அலுவலக மெஷின் காபிதான். சுமார் ரகம், ஆனால் இலவசம். சூப்புக்கு மட்டும் வரி கட்டுகிறேன். ஆறின சூப்பை யார் வாங்குவார்கள்?