அட்வென்ச்சர் பைக்குக்கு பாஷ் பிளேட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைக்கை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, தரையோடு குனிந்து, அடிப்பக்கம் ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் தரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இன்ஜினின் வயிறு. அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்த்த பெட்டி அது. வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது, அடி பலமாக விழுந்தால் விரிசல் விடும், இல்லையென்றால் ஒரு துண்டு பெயர்ந்து வரும். அதற்குள்தான் ஆயில் இருக்கிறது, ஆயிலை இறக்கும் டிரெயின் போல்ட்டும் பெரும்பாலான பைக்கில் அங்கேயேதான் இருக்கிறது.

இது தெரிந்துதான் எல்லாரும் பாஷ் பிளேட், அதாவது இன்ஜினின் அடிப்பக்கத்தை மூடிக் காக்கும் தகடு, தேடுகிறார்கள். ஸ்கிட் பிளேட், சம்ப் கார்டு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கடையில் எடுத்துக்கொடுப்பது அதையேதான். ஆனால் தேடும்போது கேட்கிற முதல் கேள்வி "எத்தனை மி.மீ.?" என்பதாக இருக்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கல் மோதுகிற அடி, பிளேட்டில் விழுந்த பிறகு எங்கே போய்ச் சேரும்? அடி காணாமல் போவதில்லை. ஃபிரேமுக்குப் போகலாம், போல்ட்டுக்குப் போகலாம், இன்ஜினுக்கே போகலாம். கீழே சொல்லப்போகிற தவறுகள் பெரும்பாலும் இதை யோசிக்காததால் வருகிறவை.

என் முதல் பிளேட், ஊரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. 10 கேஜ் இரும்புத் தகடு, அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேல். கையில் வாங்கியபோது அதன் கனமே ஒரு தைரியத்தைக் கொடுத்தது. என் பைக்கான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் இன்ஜினுக்கு அடியில் ஃபிரேம் குழாய்கள் ஓடும், அவற்றில் யு-கிளாம்ப் போட்டு மாட்டினோம். கீழே தொங்குகிற மாதிரி தெரியக்கூடாது என்று, சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு இன்ஜினோடு ஒட்டி வைத்துவிட்டோம். அதோடு மணாலியிலிருந்து ஸ்பிதிக்குக் கிளம்பினேன். கிராம்ஃபூவிலிருந்து பாட்டல் வரைக்கும் போயிருப்பவர்களுக்கு அந்த வழி தெரியும். ரோடு என்று சொல்வதைவிட, ஆறு விட்டுப்போன கற்களின் மேல் ஓட்டுவது என்று சொல்லலாம். ஒரு ஓடையைத் தாண்டி ஏறும்போது, முன்சக்கரம் கடந்துவிட்ட ஒரு கல் அடியில் மோதியது. சத்தம் பாதத்தில் தெரிந்தது. பிளேட் இருக்கிறதே என்று நிறுத்தாமல் போய்விட்டேன்.

பாட்டலில் டீ குடிக்க நிறுத்தினால், பிளேட்டின் பின்விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயில். நான்கு போல்ட்டில் இரண்டின் தலை கல்லில் உரசி மழுங்கிப்போயிருந்தது, அலன் கீ உட்காரவில்லை. உளி வைத்துத் தட்டித் தட்டிக் கழற்றவே ஒன்றரை மணி நேரம் ஆனது. கழற்றிப் பார்த்தால் தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழிவு. அந்தக் குழிவின் நேர் மேலே டிரெயின் போல்ட்டின் தலையில் புதுசாகப் பளபளவென்று ஒரு தேய்ப்பு, போல்ட் ஏறும் ஓட்டையின் விளிம்பிலிருந்து முடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு. கல் இன்ஜினைத் தொடவே இல்லை. தொட்டது என் பிளேட். மீதி ஆயிலை வடித்து, பெட்ரோலால் துடைத்து, எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து, எம்சீல் அப்பிக் காயவிட்டு (எண்ணெய்ப் பசை இருந்தால் எம்சீல் பிடிக்காது, இதில் அவசரப்படாதீர்கள்) மறுநாள் குன்ஸும் கணவாய் ஏறி காஸா போய்ச் சேர்ந்தோம்.

அதனால் இடைவெளியைத்தான் முதலில் சொல்வேன். எந்தத் தகடும் அடி விழும்போது கொஞ்சம் உள்ளே வளையும், வளைய வேண்டும், அப்போதுதான் அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ள முடியும். அதற்கு இடம் வேண்டும். இன்ஜினின் மிகத் தாழ்வான இடத்துக்கும் (அது பெரும்பாலும் டிரெயின் போல்ட் தலையாகவே இருக்கும்) பிளேட்டின் உள்பக்கத்துக்கும் குறைந்தது 10 மி.மீ., முடிந்தால் 15 மி.மீ. இருக்கட்டும். வாங்குவதற்கு முன் அளக்க முடியாவிட்டாலும் மாட்டிய பிறகு அளக்கலாம். களிமண்ணையோ சப்பாத்தி மாவையோ உருட்டி போல்ட் தலையில் ஒட்டி, பிளேட்டை முறுக்கி, திரும்பக் கழற்றுங்கள். மாவு எவ்வளவு தடிமனில் நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்கள் இடைவெளி.

அடுத்தது எங்கே மாட்டுகிறோம் என்பது. 411 மாதிரி இன்ஜினுக்கு அடியில் குழாய் ஓடுகிற கிராடில் ஃபிரேம் என்றால் வேலை சுலபம், அடி நேராக ஃபிரேமுக்குப் போய்விடும். 2023 நவம்பரில் வந்த ஹிமாலயன் 450, அதற்கு முன் 2020-இல் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சர் இவற்றில் கதை வேறு. இன்ஜினே ஃபிரேமின் ஒரு பகுதியாகப் பாரம் தாங்குகிறது, அடியில் குழாயே கிடையாது. அப்படிப்பட்ட பைக்கில் பிளேட்டின் ஒரு முனையாவது இன்ஜின் பக்கம்தான் போய் நிற்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்த போல்ட்டில் நிற்கிறது என்பதைப் பாருங்கள். இன்ஜினை ஃபிரேமோடு பிடிக்கிற பெரிய மவுன்ட் போல்ட்டில், நடுவில் ரப்பர் புஷ் வைத்து நின்றால் நல்லது. கிளட்ச் கவர், மேக்னெட் கவர் மாதிரி மூடிகளைப் பிடிக்கிற சின்ன எம்6 போல்ட்டில் கொண்டுபோய் மாட்டச் சொல்கிற பிளேட் என்றால் வாங்காதீர்கள். கல் அடித்தால் அந்த போல்ட் போவதோடு நிற்காது, அலுமினியத்துக்குள் இருக்கும் மரையையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

போல்ட் தலை அடியில் நீட்டிக்கொண்டிருப்பதும் பெரிய தவறு. என் விஷயத்தில் நடந்தது அதுதான். தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், அல்லது அதைச் சுற்றி தகடே குழிந்திருக்க வேண்டும். வெளியே துருத்திய தலை முதல் கல்லிலேயே மழுங்கும், அப்புறம் ரோட்டோரத்தில் கழற்றவே முடியாது. மரையில் லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை) போடுவதாக இருந்தால் நீலம் போடுங்கள், சிவப்பு வேண்டாம். சிவப்பு போட்டால் கழற்ற சூடு காட்ட வேண்டியிருக்கும், அதுவும் ஆயில் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

சரி, இப்போது தடிமன். கேஜ் கணக்கில் பேசுகிற கடையில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நம்பர் கூடக் கூடத் தகடு மெலியும். 10 கேஜ் என்றால் சுமார் 3.25 மி.மீ., 14 கேஜ் என்றால் வெறும் 2 மி.மீ. பெரிய நம்பர் என்று நம்பி மெல்லிய தகட்டை வாங்கிவந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, ஒரு தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 3 மி.மீ.யிலிருந்து 4 மி.மீ.க்குப் போனால் விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்காகிவிடும். அதனால் 4 மி.மீ. அலுமினியம் நம் வேலைக்குப் போதும். 6 மி.மீ. தேடி அலைய வேண்டாம், வளைக்காத 5 மி.மீ. தட்டைத் தகட்டைவிட ஓரங்களை மடித்து நடுவில் மேடு போட்ட 4 மி.மீ. தகடு நன்றாகத் தாங்கும்.

எடையையும் கணக்குப் பார்த்துவிடலாம். 0.2 சதுர மீட்டர் தகடு பிடிக்கிற பிளேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. அலுமினியத்தில் 2.2 கிலோ வரும், 3 மி.மீ. இரும்பில் 4.7 கிலோ. எடை கீழே இருப்பதால் ஓட்டும்போது பெரிதாகத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த 4.7 கிலோ அதே நான்கு போல்ட்டைத்தான் பிடித்து உலுக்குகிறது, அது மாதக்கணக்கில் நடக்கிறது. விளம்பரத்தில் 6061-டி6 என்று ஓர் அலுமினியக் கலவையின் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது வலுவான உலோகம், சந்தேகமில்லை. ஆனால் இறுக்கமாக மடித்தால் மடிப்பில் விரிசல் விடும், வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி வலு குறைந்துவிடும். 5052 என்கிற இன்னொரு கலவை கொஞ்சம் மிருது, நன்றாக மடியும், அடிபட்டால் உடையாமல் குழியும். மடித்துச் செய்த பிளேட்டுக்கு நான் 5052-ஐத்தான் எடுப்பேன். எதுவாக இருந்தாலும் வாங்கும்போது மடிப்பின் வெளிப்பக்கம் நகத்தால் ஓட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் நகம் தட்டும்.

பிளாஸ்டிக் பிளேட்டை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். எண்டியூரோ (காடு மேட்டுப் பாதைப் பந்தயம்) ஓட்டுகிறவர்கள் அதைத்தான் நிறையப் போடுகிறார்கள், கல்லில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமும் குறைவு. ஆனால் எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக் 130 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் சூடான புகைக் குழாய்) பிளேட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற பைக்கில் அதை யோசித்துத்தான் போட வேண்டும்.

பெண்ட் பைப் என்றதும் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. பலர் பிளேட்டின் அடிப்பரப்பை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். உங்கள் பைக்கின் அடியில், முன்னால், பக்கவாட்டில் என்னென்ன வெளியே நிற்கின்றன என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்: பெண்ட் பைப், ஆயில் ஃபில்டர் மூடி, லிக்விட் கூல் இன்ஜின் என்றால் வாட்டர் பம்ப், கூலன்ட் ஹோஸ். முன்சக்கரம் தூக்கி எறிகிற கல் கீழிருந்து வருவதில்லை, முன்னாலிருந்து வருகிறது. எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி சைலன்சர் மேலேறிப் போகிற பைக்கில் அந்தப் பக்கத்துக் கவலை கொஞ்சம் குறைவு. பின்னால் மோனோஷாக் லிங்கேஜை (பின் ஷாக் அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் கைகள்) பெரும்பாலான பாஷ் பிளேட்டுகள் முழுக்க மூடாது, படி மாதிரி உயரத்திலிருந்து இறங்கும்போது முதலில் இடிப்பது அதுதான்.

அதற்காக எல்லாப் பக்கமும் பெட்டி மாதிரி மூடிவிடுவதும் கூடாது. சேறு உள்ளே போகும், வெளியே வராது, இன்ஜின் சூட்டில் செங்கல்லாக வெந்து உட்காரும். ஏர்கூல் இன்ஜினுக்குக் காற்று குறையும், ஆயில் கசிவும் வெளியே தெரியாது. காய்ந்த புல் உள்ளே சேர்ந்து பெண்ட் பைப்பைத் தொட்டால் தீப்பிடிக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் குறைய உள்ளே ஸ்பான்ஞ் ஒட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், ஆயில் ஊறிய ஸ்பான்ஞ் திரி மாதிரி. பிளேட்டில் நீரும் சேறும் வடிய நான்கைந்து ஓட்டை, டிரெயின் போல்ட்டுக்கு நேராக சாக்கெட் நுழைகிற ஒரு ஓட்டை, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஒரு ஓட்டை இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் பிளேட்டைக் கழற்ற வேண்டும். ஒரு நாள் மெக்கானிக் கழற்றிவிட்டு இரண்டு போல்ட்டை மட்டும் போட்டு அனுப்பிவிடுவார்.

பிளேட்டின் முன்விளிம்பை யாருமே அளப்பதில்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் சாய்ந்து நிற்பதால், அது அமுங்கும்போது சக்கரம் மேலே மட்டும் போகாது, பின்னாலும் வரும். 411-இலும் 450-இலும் முன் டிராவல் (ஃபோர்க் அமுங்கும் தூரம்) 200 மி.மீ. அது முழுக்க அமுங்கினால் சக்கரம் சுமார் 9 செ.மீ. இன்ஜின் பக்கம் நகர்ந்துவிடும். நிறுத்திவைத்த பைக்கில் பிளேட்டுக்கும் டயருக்கும் நடுவில் ஐந்து விரல் இடம் இருந்ததே என்று நம்பி, பள்ளத்தில் விழும்போது டயர் பிளேட்டை உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் பைக்கின் அடிக்கும் உள்ள உயரம்) அதே கதைதான். 411-க்கு 220, 450-க்கு 230, 2020-இல் வந்த 390 அட்வென்ச்சருக்கு 200 மி.மீ. என்று இருக்கிற எண்கள் ஆளும் லக்கேஜும் இல்லாத பைக்குக்கு. பின்னால் ஒருவர், இரண்டு பக்கமும் பெட்டி என்று ஏற்றினால் சில சென்டிமீட்டர் அங்கேயே போய்விடும், அதன் மேல் பிளேட் இன்னும் 2 செ.மீ. எடுத்துக்கொண்டால் நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரிலேயே தட்டும். சாமான் எல்லாம் ஏற்றி, ஆள் உட்கார்ந்த பிறகு அளந்து பாருங்கள். அப்படியே பிரேக் பெடல், கியர் லீவர், சைடு ஸ்டாண்ட் எல்லாம் முழுத் தூரம் நகர்கிறதா, கிராஷ் கார்டும் பிளேட்டும் ஒரே போல்ட்டுக்குப் போட்டி போடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தார் ரோட்டில் மட்டும் ஓட்டுகிறவருக்குக் கம்பெனி கொடுத்த கார்டே போதும், அந்தக் காசில் நல்ல டயர் போடலாம்.

மாட்டிய பிறகு முதல் மண்பாதைப் பயணம் முடிந்ததும் பிளேட்டை ஒரு முறை கழற்றி உள்பக்கம் பாருங்கள். எங்கேயாவது புதுத் தேய்ப்பு இருந்தால் அங்கே இடைவெளி போதவில்லை, வாஷர் கொடுத்து இறக்குங்கள். டூல் கிட்டில் அதே அளவு போல்ட் இரண்டும் அதற்கான அலன் கீயும் இருக்கட்டும். இப்போது என் பைக்கில் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரைக்கும் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறேன். போல்ட் தளர்ந்து திரும்பியிருந்தால் கோடு உடைந்து நிற்கும், காலையில் கிளம்பும் முன் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.