கல்லறைக் கல்லில் மறைந்திருந்த ஆண்டு

பாளையங்கோட்டைக்கு அருகிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் என் பூட்டனாரின் கல்லைக் கண்டுபிடித்த பிறகும், அவர் இறந்த ஆண்டை அறிய நான்கு நாள்கள் வீணாயின. பெயருக்குக் கீழே 'அ', 'எ', 'ய' என்பன மங்கலாகத் தெரிந்ததால், ஊர்ப்பெயரின் சுருக்கம் என்று கருதி, சபைப் பதிவேட்டில் பெயரை மட்டும் வைத்துத் தேடினேன்; அதே பெயரில் ஐவர் இருந்தனர். தண்ணீர் ஊற்றித் துடைத்தும் பயனில்லை. (சுண்ணக்கட்டி தேய்க்க வேண்டாம், கல் கெடும்.) இருட்டிய பின் கைப்பேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தபோதுதான், பள்ளங்களில் நிழல் விழுந்து, வரிசை முழுமையாகத் தெரிந்தது: ௲௮௱௭௰௭. அவை எழுத்துகளல்ல, தமிழ் எண்கள். ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௭௰ எழுபது, கடைசி ௭ ஏழு. ஆக 1877, தாது வருடப் பஞ்ச காலம். அவ்வாண்டின் அடக்கப் பதிவேட்டில் மூன்றாம் பக்கத்திலேயே அவர் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் இருந்தன.