மறுநாள் காலை கூடியிருந்த 1.4 கிலோ

ஒரு ராத்திரி அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டால் மறுநாள் பட்டினி கிடப்பேன். சாயங்காலம் பசி தலைக்கேறும். நின்றபடியே முதல் நாளைவிட அதிகமாகச் சாப்பிடுவேன். மாதக்கணக்கில் இப்படியே போனது.

அப்படி ஒரு காலையில் எடை 1.4 கிலோ கூடியிருந்தது. அழுகையே வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிகையாக வேண்டும். அவ்வளவு நான் சாப்பிடவே இல்லை. கூடியதில் பெரும்பகுதி தண்ணீர். உப்பு நீரைப் பிடித்து வைக்கும். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கும்; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் சேரும். இன்னும் செரிக்காத உணவின் எடை வேறு.

அன்று பட்டினி கிடக்கவில்லை. வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவு காலை உணவை எடுத்துக்கொண்டேன். ஏதோ தப்பு செய்வதுபோல் கை தயங்கியது. ஆனால் சாயங்காலம் அந்த வெறிப்பசி வரவில்லை. இப்போதெல்லாம் குறிப்பேட்டில் 'எல்லாம் கெட்டுப்போச்சு' என்று எழுதுவதில்லை. 'தூக்கம் குறைவு, மதியம் சாப்பிடவில்லை' என்று காரணத்தை எழுதுகிறேன். எனக்கு அதுதான் பெரிய மாற்றம். எடையையும் வாரச் சராசரியாகத்தான் பார்க்கிறேன். அந்த 1.4 கிலோ மூன்றே நாளில் இறங்கிவிட்டது.