அமெரிக்க எல்லைப்புறத்தின் குளிர்கால வீடு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கௌபாய் படங்களும் காமிக்ஸும் பார்த்து வளர்ந்த நமக்கு, அமெரிக்க எல்லைப்புறத்தின், அதாவது குடியேற்றம் மேற்கே பரவிக்கொண்டிருந்த பகுதியின், குளிர்காலம் என்றால் ஒரே காட்சிதான். மரக்கட்டை வீடு, கணப்பில் பெரிய தீ, பக்கத்தில் ஆடும் நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே பனி. கதை எழுதுகிறவர்களும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைக்கு உதவுகிறவர்களும் இதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். இந்தக் காட்சி அழகாக இருப்பதால், அங்கே உண்மையில் வாழ்ந்த பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாடு அதற்குப் பின்னால் மறைந்துபோகிறது. அதுதான் எனக்கு வருத்தம். நான் இங்கே பேசுவது 1862க்குப் பிறகான முப்பது ஆண்டுகளில் கான்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா சமவெளிகளில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி.

முதல் தவறு அந்த மரக்கட்டை வீடுதான். கென்டக்கி, ஒஹாயோ பக்கம் குடியேறியவர்களுக்குக் காடு இருந்தது. மரத்தை வெட்டி வீடு கட்டினார்கள். அரசாங்கம் 1862இல் கொண்டுவந்த குடியேற்றச் சட்டத்தை நம்பி 160 ஏக்கர் இலவச நிலத்துக்காக மேற்கே சமவெளிக்குப் போனவர்களுக்குக் கண்ணுக்கெட்டிய வரை புல்தான் இருந்தது. ஆற்றோரத்தில் மட்டும் கொஞ்சம் மரம். அதனால் புல்வேரோடு பிடித்திருந்த மண்ணைக் கலப்பையால் பட்டை பட்டையாக உழுது, கட்டிகளாக வெட்டி, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவர் இரண்டு மூன்று அடி கனம் இருக்கும். மேட்டின் சரிவைக் குடைந்து அதற்குள் குடியிருந்தவர்களும் உண்டு.

அந்த மண் வீட்டில் குளிரால் விறைத்தார்கள் என்று எழுதுவது இதையொட்டி வரும் இன்னொரு பிழை. அவ்வளவு கனமான சுவர் காற்றை நன்றாகவே தடுத்தது. மெல்லிய பலகையும் தார்க் காகிதமும் வைத்து அவசரமாகக் கட்டிய குடிசையில் இருந்தவர்களுக்குத்தான் இரவெல்லாம் நடுக்கம்; உள்சுவரில் செய்தித்தாள் ஒட்டிச் சமாளித்தார்கள். மண் வீட்டின் தொல்லை வேறு. கூரையிலிருந்து மண்ணும் பூச்சியும் சாப்பாட்டில் விழும், அதைத் தடுக்க மேலே துணி கட்டுவார்கள். எலி வரும், பாம்பு வரும். பனி உருகத் தொடங்கினால் கூரை ஒழுக ஆரம்பிக்கும், வெளியே பனி உருகித் தீர்ந்த பிறகும் உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் இத்தகைய வீடுகளையும் அவற்றின் முன்னால் நிற்கும் குடும்பங்களையும் நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். எழுத உட்காருவதற்கு முன் அந்தப் படங்களைப் பாருங்கள். ஒரு படத்தில், ஒரு குடும்பம் தன் ஆர்கன் இசைப்பெட்டியை வெட்டவெளிக்குத் தூக்கி வந்து வைத்து, மண் வீடு படத்தில் விழாதபடி நிற்கிறது.

வீட்டைச் சரியாக எழுதியவர்களும் அடுப்பில் தடுக்கி விழுவார்கள். மரமே இல்லாத ஊரில் விறகு ஏது? தொடக்கத்தில் காட்டெருமை வறட்டி, காட்டெருமைகள் தீர்ந்த பிறகு மாட்டு வறட்டி. மக்காச்சோளச் சக்கை. காசு இருந்தால் ரயிலில் வரும் நிலக்கரி. எதுவும் இல்லாதபோது உலர்ந்த புல்லைப் புரியாகத் திரித்து முடிச்சுப் போட்டு இரும்பு அடுப்பில் திணித்தார்கள். புல் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும், அதனால் யாராவது ஒருவர் திரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை வெட்டுப்பட்டு எரியும். தீயைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுகிற குடும்பத்தை எழுதும்போது, அந்தத் தீக்கு யார் தீனி போடுகிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். பெரும்பாலும் அது பெண்களும் பிள்ளைகளும்தான்.

'தன் கையே தனக்குதவி' என்று வாழ்ந்தவர்கள், யாரையும் நம்பியிருக்கவில்லை என்ற எண்ணமும் தவறு. 1880–81 குளிர்காலம் இதற்கு நல்ல பாடம். அக்டோபர் நடுவிலேயே டகோட்டாவில் முதல் பனிப்புயல் அடித்தது. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ரயில் பாதைக்காக மேடுகளை வெட்டிய இடங்களில் பனி நிரம்பியது. ஆட்கள் மண்வாரியால் அள்ளினார்கள், காற்று மறுபடி நிரப்பியது. டி ஸ்மெட் போன்ற புத்தம்புது ஊர்களுக்கு ஜனவரியில் நின்ற ரயில் மே மாதம்தான் வந்தது. மாவும் நிலக்கரியும் மண்ணெண்ணெயும் ரயிலில் வர வேண்டியவை. அவை தீர்ந்தபோது விதைக்கு வைத்திருந்த கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன எந்திரத்தில் போட்டு அரைத்து ரொட்டி சுட்டார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஜனவரி மாதக் காலைச் சாப்பாட்டில் முட்டையும் பாலும் வெண்ணெயும் தாராளமாக வைக்காதீர்கள். பகல் குறுகினால் கோழி முட்டையிடுவது குறையும்; தீவனம் மோசமானால் மாட்டுக்குப் பால் வற்றும். உப்புப் போட்ட பன்றி இறைச்சி, பீன்ஸ், மக்காச்சோள மாவு, உலர்த்திய ஆப்பிள், நிலவறையில் சேமித்த உருளைக்கிழங்கு, டர்னிப் ஆகியவைதான் மாதக்கணக்கில் ஓடும்.

அப்பா எப்போதும் வீட்டில் இருப்பார் என்று வைத்துக்கொள்வது அடுத்த தவறு. நிலம் சொந்தமாக வேண்டுமானால் ஐந்து ஆண்டுகள் அதில் குடியிருக்க வேண்டும். தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் விட்டுப்போனால் உரிமை போய்விடும். ஆனால் பயிரில்லாத குளிர்காலத்தில் கையில் காசுக்கு வழி இல்லை. அதனால் பல ஆண்கள் ரயில் பாதை வேலைக்கோ நகரத்துக்கோ மரம் வெட்டவோ போனார்கள். மனைவியும் குழந்தைகளும் நிலத்தில் இருந்து உரிமையைக் காத்தார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு உறைந்த நீரை உடைத்ததும் அவர்கள்தான். கணவனே இல்லாமல் தன் பெயரில் நிலம் எடுத்த பெண்களும் உண்டு. பெரிய பையன்களுக்கு மட்டும் இந்த மாதங்கள் வேறு மாதிரி: வயல் வேலை இல்லாததால் அவர்கள் பள்ளிக்கூடம் போனதே குளிர்காலத்தில்தான்.

இந்தப் பள்ளிக்கூடங்களை வைத்துத்தான் பனிப்புயலைப் பற்றிய பெரிய தவறையும் பேச வேண்டும். புயல் முன்கூட்டியே வானம் கறுத்து எச்சரித்து வரும், மனிதர்கள் தொலைதூரக் காட்டில் வழி தவறிச் சாவார்கள் என்று எழுதுகிறோம். 1888 ஜனவரி 12 அன்று காலை, பல நாள் கடுங்குளிருக்குப் பின் இதமாக விடிந்தது. பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள், மாடுகளை வெளியே அவிழ்த்துவிட்டார்கள். பள்ளி நேரத்திலேயே வடக்கிலிருந்து குளிர்காற்று சட்டென்று இறங்கியது. மாவு போலப் பொடிந்த பனி மூக்கையும் கண்ணையும் அடைத்தது. நீட்டிய கை தெரியவில்லை. நெப்ராஸ்காவில் லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியை, தான் தங்கியிருந்த வீட்டுக்கு மூன்று குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வீடு சில நூறு அடி தூரத்தில்தான் இருந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று குழந்தைகளும் இறந்தார்கள், அவர் பாதங்களை இழந்தார். அதே மாநிலத்தில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை தன் மாணவர்களைப் பத்திரமாக ஒரு பண்ணைவீட்டுக்குக் கொண்டுசேர்த்தார். அந்தப் புயலில் இறந்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே வழி தவறிச் செத்தவர்கள் சமவெளி எங்கும் இருந்ததால்தான் அந்த இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார்கள். கயிற்றை மறந்துவிட்டு எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் குளிர்கால வீட்டில் வெள்ளைக்காரக் குடும்பம் மட்டுமே இருந்ததாகவும், சுற்றிலும் நிலம் ஆளற்றுக் கிடந்ததாகவும் எழுதுவதை என்னால் ஏற்கவே முடியாது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினக் குடும்பங்கள் கென்டக்கியிலிருந்து வந்து 1877இல் கான்சாஸில் நிக்கோடீமஸ் என்ற ஊரை அமைத்தன. அடுத்த ஆண்டு அங்கே வந்து சேர்ந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டபோது, தரைக்குள்ளிருந்து எழுந்த புகையைக் காட்டினார்களாம். குடைந்த குழிகளுக்குள் குடும்பங்கள் இருந்தன. அவர் அழுதுவிட்டார். அந்த ஊரின் முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் அவர்களுக்கு உணவு பகிர்ந்ததாக ஊர் வரலாறு சொல்கிறது.

சமவெளியின் பூர்வகுடி மக்களுக்கு இந்தக் குளிர் புதிதல்ல. மிசௌரி ஆற்றங்கரையின் மாண்டன், ஹிடாட்சா மக்கள் கோடையில் மேட்டு ஊர்களிலும், குளிர்காலத்தில் காற்று மறைவும் விறகும் கிடைக்கும் ஆற்றோர மரக்காட்டு ஊர்களிலும் வாழ்ந்தார்கள். மண் மூடிய வட்ட வீடுகள், சோளம் நிரப்பிய ஆழமான குழிகள் என்று எல்லா ஏற்பாடும் இருந்தது. 1804–05இல், அமெரிக்க அரசு மேற்கே அனுப்பிய ஆய்வுக் குழுவின் தலைவர்களான லூயிஸும் கிளார்க்கும் அவர்கள் பக்கத்தில் கோட்டை கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். வெப்பநிலை மைனஸ் 43 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய அந்தக் காலத்தில், ஆய்வுக் குழுவின் கொல்லர்கள் இரும்புக் கோடரி அடித்துக் கொடுத்து மாண்டன் பெண்கள் விளைவித்த சோளத்தை வாங்கித்தான் அந்தக் குழு சாப்பிட்டது.