ரேடியேட்டர் சூடாகவில்லையா? பம்ப் வாங்குவதற்கு முன் குழாயைத் தொட்டுப் பாருங்கள்

வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எரிகிறது, அறை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு அறை மட்டும் சில்லென்று கிடக்கிறது, அல்லது வீடு முழுக்கவே குளிர்கிறது. உடனே தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதுசு வாங்கிவிடுபவர்கள் நிறையப் பேர். நானும் அப்படி வாங்கி மாட்டியிருக்கிறேன், குளிர் அப்படியேதான் இருந்தது, கடைசியில் பார்த்தால் மாடிக் குழாயில் காற்று அடைத்திருந்தது. சூடான தண்ணீர் பாய்லரிலிருந்து கிளம்பி, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பவும் பாய்லருக்கு வர வேண்டும். அந்தச் சுற்று எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

அதற்குக் கையே போதும். பாய்லரை ஓடவிட்டு அரை மணி நேரம் கழித்து, தண்ணீர் வெளியே போகிற குழாயில் ஆரம்பித்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போங்கள். குழாய் 70, 80 டிகிரி வரை சூடாக இருக்கலாம், அதனால் சட்டென்று தொட்டு எடுங்கள், பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. எல்லா ரேடியேட்டரும் குளிர்ந்திருந்தால் அழுத்தம், காற்று, பம்ப் இவற்றில் ஒன்று. ஒரு மாடியோ ஒரு பகுதியோ மட்டும் என்றால் அந்தப் பகுதிக்கான வால்வு அல்லது காற்று. ஒரே ஒரு ரேடியேட்டர் என்றால் கோளாறு பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

அடுத்து அழுத்தமானியைப் பாருங்கள், தண்ணீர் ஆறியிருக்கும்போது. இரண்டு மாடி வீட்டுக்குப் பொதுவாக 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். இதற்குக் கணக்கு எளிது: தண்ணீரை ஒரு மீட்டர் உயரம் ஏற்ற சுமார் 0.1 பார் வேண்டும், உச்சியில் உள்ள ரேடியேட்டர் அழுத்தமானிக்கு 6 மீட்டர் மேலே இருந்தால் 0.6 பார், அதற்கு மேல் ஒரு 0.3 பார் கையிருப்பு. இதைவிடக் குறைந்தால் மேல்மாடியில் தண்ணீர் நிரம்பாது, அங்கே காற்றுதான் நிற்கும். அப்படியென்றால் பாய்லர் ஆறிய பிறகு மெதுவாகத் தண்ணீர் விட்டு நிரப்புங்கள்.

ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. பம்பை நிறுத்திவிட்டு, கீழ்த்தளத்தில் தொடங்கி மேலே போய்க்கொண்டே ஒவ்வொன்றிலும் காற்றுத் திருகைக் கால் சுற்று திறங்கள். புஸ்ஸென்ற சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடுங்கள். துணியும் கிண்ணமும் கையில் இருக்கட்டும், வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கும், சுவரில் பட்டால் கறை போகாது. முடிந்ததும் அழுத்தம் குறைந்திருக்கும், மறுபடி நிரப்ப வேண்டும். சுவரடியில் ஓடும் செம்புக் குழாய் அமைப்புகள் பலவற்றில் இந்தத் திருகு இருக்காது. அங்கே திரும்பி வரும் குழாயின் வால்வை மூடி, அதற்கு முன்னால் உள்ள வடிகாலில் ஹோஸ் மாட்டி, அதன் நுனியை வாளித் தண்ணீருக்குள் வைத்துவிட்டுப் புதுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். குமிழ் நிற்கும் வரை, ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். அழுத்தமானியில் ஒரு கண் இருக்கட்டும், பல வீடுகளில் பாதுகாப்பு வால்வு 3 பாரில் திறந்துவிடும்.

காற்று ஒருமுறை வந்தால் பரவாயில்லை. ஆனால் மாதா மாதம் காற்றை எடுத்துத் தண்ணீர் நிரப்ப வேண்டியிருக்கிறது என்றால் தயவுசெய்து அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். புதுத் தண்ணீர் வரும்போதெல்லாம் ஆக்சிஜனும் கூடவே வருகிறது, அது இரும்பை அரித்து, கறுப்புச் சேறாக அடியில் படிகிறது. இன்னொரு காரணம் விரிவுத் தொட்டி, அதாவது சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் தொட்டி: சூடானதும் அழுத்தம் எகிறி, பாதுகாப்பு வால்வு சொட்டி, ஆறியதும் முள் கீழே விழுகிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள். தொட்டியில் கார் டயரில் இருப்பது போன்ற காற்று வால்வு இருக்கும், அதன் ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது, தொட்டியை மாற்றத்தான் வேண்டும். காற்று மட்டும் குறைந்திருந்தால் அடித்துக்கொள்ளலாம், ஆனால் தொட்டியின் தண்ணீர்ப் பக்க அழுத்தத்தைப் பூஜ்யமாக்கிய பிறகு அளந்தால்தான் அளவு சரியாக இருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பம்புக்கு வருவோம். இருபுறமும் உள்ள வால்வுகள் திறந்திருக்கின்றனவா, மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். உர்ரென்ற சத்தம் வருகிறது, ஆனால் தண்ணீர் நகரவில்லை என்றால் பல மாதம் ஓடாமல் கிடந்ததில் தண்டு இறுகியிருக்கலாம். பழைய மாடல்கள் பலவற்றில் நடுவே ஒரு பெரிய திருகு இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, இருபுற வால்வுகளையும் மூடி, அந்தத் திருகைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டை ஸ்க்ரூடிரைவரால் சுற்றிவிட்டால் பெரும்பாலும் ஓடத் தொடங்கும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் குளிர்கிறதா? வெப்பம் பார்த்துத் தானே மூடித் திறக்கும் வால்வு என்றால் அதன் தலையைக் கழற்றுங்கள், உள்ளே சின்ன ஊசி தெரியும். அழுத்தினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் மெதுவாகத் தட்டி, அழுத்தி அழுத்தி விடுங்கள். குறடு போட்டு இழுக்கவே கூடாது, ஊசி கையோடு வந்துவிட்டால் தண்ணீர் பீய்ச்சும். ஊசியும் நன்றாக இருந்தால் மற்ற ரேடியேட்டர்களை எல்லாம் மூடிப் பாருங்கள். இப்போது இது சூடானால் அடைப்பு இல்லை, பாய்லருக்குப் பக்கத்தில் உள்ளவை தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன, அவற்றின் மறுமுனை வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்போதும் அடிப்பகுதி நடுவில் மட்டும் குளிர்ந்திருந்தால் அது சேறு, ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுபோய் ஹோஸால் அலச வேண்டும்.

பர்னர், எரிவாயுக் குழாய், புகைபோக்கி இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்குப் பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள். மற்றபடி வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முதலில் தொட்ட குழாய்களையே மறுபடி தொட்டுப் பாருங்கள், அப்புறம் மறுநாள் காலை பாய்லர் ஆறியிருக்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.