.38 என்றால் .38 இல்லை: கைத்துப்பாக்கித் தோட்டாப் பெயர்களைப் படிக்கும் முறை

துப்பறியும் கதை படிப்பவர்களையும் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒரேபோல் குழப்புவது தோட்டாக்களின் பெயர்கள்தான். ஒரே அளவுக்கு இரண்டு பெயர், ஒரே எண்ணுக்கு இரண்டு தோட்டா. இந்த வரிசையில் போனால் பிடிபடும்.

படி 1: தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளை உறை, அடியில் ப்ரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. பறந்து போவது குண்டு மட்டும்.

படி 2: எண்ணைப் பெயராக மட்டும் பாருங்கள், அளவாக நம்ப வேண்டாம். .38 ஸ்பெஷல் குண்டின் விட்டம் .357 அங்குலம்! பழைய தோட்டாக்களில் குண்டும் உறையும் வெளியே ஒரே பருமனாக இருந்தன. பிறகு குண்டை உறைக்குள் செருகும் வழக்கம் வந்தது. குண்டு இளைத்தது, பெயர் இளைக்கவில்லை. 1930களில் .357 மேக்னம் வந்தபோதுதான் உண்மையான விட்டத்தைப் பெயராக வைத்தார்கள். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. ஆனால் மேக்னத்தின் உறை சுமார் 3 மி.மீ. நீளம் அதிகம். அதன் அழுத்தம் மிகக் கூடுதல் என்பதால், பழைய .38 ரிவால்வருக்குள் அது நுழையவே கூடாது என்று வேண்டுமென்றே நீட்டினார்கள். எனவே .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷலைச் சுடலாம். தலைகீழாகக் கூடாது.

இதே .38 வரிசையில் .38 ஸ்மித் அண்ட் வெஸன் என்று இன்னொன்று உண்டு. குட்டை, ஆனால் பருமன். ஸ்பெஷலுக்குப் பதிலாக இதைப் போட முடியாது. கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பெயரைப் படித்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

படி 3: மாற்றுப்பெயர்களைச் சேர்த்து வையுங்கள். 9 மி.மீ. லூகர், 9 மி.மீ. பாராபெல்லம், 9×19 மூன்றும் ஒன்றே. .380 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல் என்பதன் சுருக்கம்), 9 மி.மீ. குர்ஸ், 9 மி.மீ. கோர்டோ, 9×17 நான்கும் ஒன்றே. குர்ஸ் ஜெர்மன், கோர்டோ இத்தாலியன்; இரண்டுக்கும் 'குட்டை' என்றுதான் பொருள்.

படி 4: பெருக்கல் குறி இருந்தால் முதல் எண் விட்டம், அடுத்தது உறையின் நீளம். அப்பாடா என்று மூச்சு விடாதீர்கள். 9×18 மக்கரோவ் குண்டு உண்மையில் ஏறக்குறைய 9.27 மி.மீ.; 9×19 குண்டோ 9.02 தான்.

படி 5: உறையின் அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் முழுப் பெயரையும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருப்பதையும் ஒப்பிடுங்கள். .45 ஏசிபி என்பதும் 1873இல் வந்த .45 கோல்ட் என்பதும் வேறு வேறு. சந்தேகம் இருந்தால் போடவே வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நம் நாட்டில் 9 மி.மீ., .38 எல்லாம் பொதுவாகத் தடை செய்யப்பட்ட வகை என்பதால், உரிமம் பெற்றவர்களிடம் அதிகம் புழங்குவது .32. அப்படியானால் குழப்பம் தீர்ந்ததா? இல்லை. .32 ஏசிபி பிஸ்டலுக்கு, அதைவிட நீளமான .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் ரிவால்வருக்கு. வெறுமனே ".32 தோட்டா" என்று கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "பிஸ்டலுக்கா, ரிவால்வருக்கா?"