ஸ்கோப் ஜீரோ ஆகவில்லையா? டரட்டைத் தொடாதீர்கள்

ரைஃபிள் ஸ்கோப் ஜீரோவுக்கு வரவில்லை, அதாவது குறி வைத்த இடத்தில் தோட்டா விழவில்லை என்றால், பலரும் உடனே குறியைச் சரிசெய்யும் குமிழான டரட்டைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். அது குழப்பத்தைத்தான் கூட்டும். முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்கோப்பைக் கையால் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுன்ட்தான். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் திருகாணிகளை மட்டும் முறுக்கிவிட்டு, அடியில் இருக்கும் பேஸ் திருகாணியை மறந்துவிடுகிறோம். அதற்காக வெறிகொண்டு முறுக்கினால் ஸ்கோப் குழாயே நசுங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் கருவி) முறுக்குவது நல்லது.

சரி, எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா? மணல் மூட்டையில் தாங்கு கொடுத்து, ஒரே வகைத் தோட்டாவால் ஐந்து முறை சுடுங்கள், நடுவில் குழல் ஆறட்டும். துளைகள் சிதறிக் கிடந்தால் எதையும் திருத்திப் பயனில்லை. ஒரே இடத்தில் குவிந்து, அந்தக் குவியல் குறியிலிருந்து தள்ளியிருந்தால்தான் டரட்டுக்கு வேலை.

இங்கே ஒரு கணக்கு. எம்ஓஏ என்பது கோண அளவு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ ஸ்கோப்பில் டரட்டை ஒரு கிளிக் திருப்பினால், தோட்டா விழும் இடம் 100 கஜத்தில் சுமார் கால் அங்குலம் நகரும். 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். அதாவது அங்கே ஓர் அங்குலம் நகர்த்த 16 கிளிக் வேண்டும். இது தெரியாமல் நாலு கிளிக் வைத்துவிட்டு ஸ்கோப்பைத் திட்டுபவர்கள் உண்டு.

டரட் முட்டி நின்றுவிட்டால் பேஸ் கோணலாக இருக்கலாம். இருபது கிளிக் மேலே, இருபது வலது, பிறகு அதே அளவு கீழே, இடது என்று டரட்டைத் திருப்பிச் சுற்றி வந்து சுட்டும் தோட்டா பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், கோளாறு ஸ்கோப்புக்கு உள்ளேதான்.